சேம் சைடு கோல்

1

போன மாதம் எங்கள் ஊர்க் கால்பந்து அணி கடைசி மேட்சில் தோற்று, லீக்கின் கீழ்ப் பிரிவுக்கு இறக்கப்பட்டது. எங்கள் ஊர் என்று நான் சொல்வது வட இங்கிலாந்தில், குளிர்க் கடலோரத்தில் இருக்கும் ஒரு சின்னத் துறைமுக ஊரை. பெயரைச் சொன்னாலும் உங்களுக்குத் தெரிந்திருக்காது. திருவொற்றியூரில் பிறந்து நர்ஸ் வேலைக்காக இங்கே வந்த நான், இதை எப்போதிலிருந்து ‘எங்கள் ஊர்’ என்று சொல்லத் தொடங்கினேன் என்று யோசித்துப் பார்த்தேன். தோற்ற அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

வந்த புதிதில் நான் பேசிய இங்கிலீஷ் யாருக்கும் புரியவில்லை. வார்டில் ஒரு பெரியவரிடம், நம் ஊர் ஆஸ்பத்திரியில் கேட்பது போலவே “மோஷன் போனீங்களா?” என்பதை அப்படியே இங்கிலீஷாக்கிக் கேட்டேன். அவர் எங்கே போவது என்று திருப்பிக் கேட்டார். பக்கத்திலிருந்த நர்ஸ் திரைக்குப் பின்னால் போய்ச் சிரித்தாள். இப்போது அந்த மாதிரித் தவறுகள் குறைந்துவிட்டன. என் மகள் திவ்யாவுக்கு அந்தக் கவலையே இல்லை. மழலை மாறாத வயதில் வந்தவள், இப்போது பன்னிரண்டு. நாங்கள் தமிழில் கேட்போம், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். பள்ளிக்கூட வாசலில் நான் தமிழில் கூப்பிட்டால் காது கேட்காதவள் போல நடப்பாள்.

என் கணவர் தேசிங்கு மீன் பதப்படுத்தும் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். சனிக்கிழமைகளில், போன ஆகஸ்டில் சீசன் தொடங்கியதிலிருந்து, கால்பந்து மைதானத்தில் காவல் வேலைக்கும் போனார். மஞ்சள் கோட்டு போட்டுக்கொண்டு, கேலரிக்கும் ஆடுகளத்துக்கும் நடுவிலுள்ள குட்டைச் சுவருக்கு முன்னால் நிற்க வேண்டும். யாரும் சுவரேறிக் குதிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டில் டிவியில் கால்பந்து வந்தாலே எழுந்து போய்விடுகிற மனிதர், இந்த வேலைக்குத் தானாகப் போய்ப் பெயர் கொடுத்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

“மேட்ச்சைப் பாக்கவே கூடாதாம் கலா. முதுகக் காட்டிகினு ஜனங்களத்தான் பாத்துகினு நிக்கணுமாம். எனக்குத் தோதான வேலை” என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று அப்போது திவ்யாவுக்குத் தெரியாது. உங்களுக்குச் சொல்கிறேன்.

2

தேசிங்கு கொருக்குப்பேட்டைக்காரர். கூட்ஸ் வண்டிகள் நிற்கிற தண்டவாளங்களை ஒட்டி வீடு. அந்தப் பக்கத்துப் பையன்கள் செருப்பில்லாமல் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துத்தான் திருவொற்றியூர்ப் பக்கமிருந்த ஒரு தொழிற்சாலை அவரைத் தன் அணிக்கு எடுத்துக்கொண்டது. ஸ்டாப்பர், அதாவது கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிறவர். எங்களுக்குக் கல்யாணம் ஆனபோது அவர் அந்தக் கம்பெனியின் நிரந்தரத் தொழிலாளி. வேலை என்று ஒன்றும் கிடையாது. காலையிலும் சாயங்காலமும் பயிற்சி, நடுவில் வருகைப் பதிவேட்டில் ஒரு கையெழுத்து.

தொண்ணூறுகளின் கடைசியில் அந்த அணி தேசிய லீக்குக்குத் தேர்வானது. வடசென்னையே தானே ஆடப்போவது போலக் கொண்டாடியது. கொல்கத்தா, கோவா, கேரளா என்று ரயிலில் போய் ஆடிவிட்டு வருவார்கள். டீக்கடையில் என் மாமனாரிடம் யாரும் காசு வாங்க மாட்டார்கள். “உன் புள்ள கீறவரைக்கும் நம்ம பக்கம் ஒரு கோல் வுழாது நைனா” என்பார்கள்.

கோல்கீப்பர் பஷீர் வண்ணாரப்பேட்டைக்காரர். தேசிங்குக்கு உயிர்த் தோஸ்து. எங்கள் வீட்டில் நாஸ்தா சாப்பிடாமல் பயிற்சிக்குப் போக மாட்டார். திவ்யா பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடி வந்தவர் அவர்தான். அவருடைய அண்ணனுக்கு ரெடிமேட் துணி மொத்த வியாபாரம். “கடைக்கு வந்து உக்காருடா” என்று அண்ணன் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். பஷீர் போகவில்லை. கம்பெனியில் அவர் நிரந்தரம் கிடையாது. ஒவ்வொரு வருஷமும் புதிதாகக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த சீசன் முடிந்ததும் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள்.

சீசன் நன்றாகப் போகவில்லை. வெளியூரில் தோற்றுத் தோற்று, கடைசி மேட்சில் டிரா செய்தால்தான் லீக்கில் இருக்கலாம் என்ற நிலைமை. மேட்ச் மெட்ராஸில். நான் போகவில்லை, குழந்தைக்குக் காய்ச்சல். வீட்டில் ரேடியோ வைத்துக்கொண்டிருந்தேன். முடியப்போகிற நேரத்தில் எதிரணிக்காரன் கோலை நோக்கிப் பந்தை உயரமாக அடித்தான். தேசிங்கு எகிறித் தலையால் தட்டினார். பஷீர் அதைப் பிடிப்பதற்காக முன்னால் வந்துவிட்டிருந்தார். பந்து அவர் தலைக்கு மேல் போய், காலியாக இருந்த எங்கள் கோலுக்குள் விழுந்தது.

சேம் சைடு கோல்.

பஷீர் குரல் கொடுக்கவில்லை என்று மறுநாள் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். கோலை விட்டு வெளியே வருகிற கீப்பர் ‘வுட்ரு, என்னுது’ என்று கத்த வேண்டும், கத்தியிருந்தால் தேசிங்கு விட்டிருப்பார் என்றார்கள். தேசிங்கும் மேனேஜரிடம் தனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றுதான் சொல்லியிருந்தார். பஷீரை நிரந்தரமாக்கும் பேச்சு அதோடு நின்றது. இரண்டு மாதத்தில் கம்பெனி அணியையே கலைத்தது. நிரந்தரத் தொழிலாளிகளை மெஷினுக்கு அனுப்பினார்கள். மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். பஷீர் அண்ணனின் கடையில் துணி மூட்டை கட்டப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டோம்.

அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. இவரும் வண்ணாரப்பேட்டைப் பக்கம் போகவில்லை. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்றால் யாராவது பின்னாலிருந்து “சேம் சைடு” என்று குரல் கொடுப்பார்கள். இவர் திரும்பிப் பார்க்க மாட்டார். கேட் திறக்கும்வரை தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். பக்கத்தில் குழந்தையோடு நிற்கிற எனக்கு உடம்பு கூசும். கத்தாமல் நின்ற பஷீரை நான் மனதுக்குள் எத்தனை முறை திட்டியிருப்பேன்! இங்கிலாந்துக்கு நர்ஸ் எடுக்கிறார்கள் என்று என் தோழி சொன்னபோது, போகலாமா என்று என்னை முதலில் கேட்டவர் தேசிங்கு.

3

காவல் வேலை செய்கிறவர்களின் குடும்பத்துக்கு சீசனின் கடைசி மேட்ச்சுக்கு டிக்கெட் கொடுத்தார்கள். திவ்யா தன் வகுப்புத் தோழிகள் எல்லோரும் வருகிறார்கள் என்பதால் வந்தாள். தேசிங்கு நின்ற இடத்துக்கு நேர் மேலே, ஏழெட்டு வரிசை தள்ளி எங்களுக்கு இடம். வெயில் அடித்தாலும் குளிர்ந்தது.

இங்கேயும் டிரா போதும் என்ற நிலைமை. டிவியில் அதைச் சொன்னார்கள், தெருவில் எல்லோரும் சொன்னார்கள். தேசிங்கு மட்டும் அதைப் பற்றி எதுவும் பேசவில்லை.

கடைசி நிமிடங்களில் எதிரணிக்கு ஒரு கார்னர் கிக் கிடைத்தது. எங்கள் அணியில் ஜேமி என்று ஒரு பையன், பத்தொன்பது வயது, துறைமுகத் தெருக்களில் வளர்ந்தவன். அவன் எகிறினான். பந்து அவன் தலையின் பக்கவாட்டில் பட்டு எங்கள் வலைக்குள்ளேயே போனது.

தேசிங்கு அதைப் பார்க்கவில்லை. அவர் பார்த்தது எங்கள் முகங்களை. ஆயிரக்கணக்கான முகங்கள் ஒரே சமயத்தில் மாறியதை அவர் எதிரே நின்று பார்த்தார். அதன் பிறகுதான் மெல்லத் திரும்பினார்.

விசில் ஊதியதும் மற்ற ஆட்டக்காரர்கள் உள்ளே ஓடினார்கள். ஜேமி கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு அப்படியே இருந்தான். கேலரியிலிருந்து கெட்ட வார்த்தைகள் பறந்தன. சிலர் சுவரேறிக் குதித்தார்கள். அவர்களைத் தடுக்க வேண்டிய தேசிங்கு தன் இடத்தை விட்டு ஆடுகளத்துக்குள் ஓடினார். பல வருஷமாக நான் பார்க்காத ஓட்டம் அது.

“அம்மா, அப்பா என்ன பண்றாரு?” என்று திவ்யா தமிழில் கேட்டாள். பயந்தால் அவளுக்குத் தமிழ் வரும். “எல்லாரும் பாக்கறாங்கம்மா.” அவள் தோழிகள் எங்களுக்குப் பின் வரிசையில் சிரித்தார்கள். அவள் இருக்கையில் சரிந்து, கோட்டின் தொப்பியை முகம்வரைக்கும் இழுத்துக்கொண்டாள். நானும் தலையைக் குனிந்துகொண்டேன்.

நிமிர்ந்தபோது தேசிங்கு தன் மஞ்சள் கோட்டைக் கழற்றி ஜேமியின் தலைக்கு மேல் போர்த்தியிருந்தார். அவனைத் தோளோடு அணைத்து, கூட்டத்தை முழங்கையால் விலக்கியபடி நடத்திக்கொண்டு போனார். ஏதோ பேசிக்கொண்டே போனது தெரிந்தது. அந்தப் பையனுக்கு என்ன புரிந்திருக்கும்?

அதே நேரத்தில், அவர் விட்டுப்போன இடத்தின் வழியாகக் கூட்டம் மொத்தமும் உள்ளே பாய்ந்தது. அதில் ஒரு கிழவர் சுவரிலிருந்து தலைகுப்புற விழுந்தார். நான் நர்ஸ் என்பதால் இறங்கி ஓடினேன். மணிக்கட்டு உடைந்திருந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நான் யார் மனைவி என்று அவரிடம் சொல்லவில்லை.

அன்றைக்கு வீட்டில் தேசிங்கு சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டுச் சொன்னார்: “இங்கியும் ஒண்ணு போட்டுட்டேன் கலா.”

4

விசாரணைக்கு வரச் சொல்லி மைதான நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தது. அப்போது நாங்கள் இந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்க விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தோம். கிழவர் புகார் கொடுத்தால் என்னாகும், விண்ணப்பம் பாதிக்குமா, யாரைக் கேட்பது என்று ஒன்றும் தெரியவில்லை. தேசிங்கின் இங்கிலீஷ் தொழிற்சாலைக்குப் போதும், விசாரணைக்குப் போதாது. நான் மொழிபெயர்க்கப் போனேன். பள்ளி விடுமுறை என்பதால் திவ்யாவையும் கூட்டிப்போக வேண்டியிருந்தது. அவள் காதில் பாட்டுக் கருவியை மாட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள்.

மைதானக் காவல் பிரிவின் தலைவி லிண்டா நல்ல பெண்மணி. அதட்டவில்லை. எதற்காக இடத்தை விட்டுப் போனீர்கள் என்று கேட்டார்.

“அந்தப் புள்ள தனியா கெடந்தான்மா” என்றார் தேசிங்கு.

மொழிபெயர்த்தேன். அவனைப் பார்த்துக்கொள்ள வேறு ஆட்கள் இருந்தார்களே, உங்கள் வேலை சுவர்தானே என்று கேட்டார் லிண்டா.

“கரீட்டு தான். தப்பு என் மேல தான். அந்தப் பெரியவருக்கு இன்னா ஆச்சோன்னு தூக்கம் வரல” என்றவர், மேஜையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: “நானும் ஆடினவன் தாம்மா. இதே மாதிரி கடைசி மேட்ச்ல சேம் சைடு கோல் போட்டவன். ஒருத்தனும் கிட்ட வரல. அது நெனப்புக்கு வந்துச்சு. கால் ஓடிச்சு.”

அவரும் தேசிய லீக்கில் ஆடியவர், அவரும் ஒரு ‘சேம் சைடு கோல்’ போட்டவர் என்று இங்கிலீஷில் சொன்னேன். லிண்டா நெற்றியைச் சுருக்கினார். திரும்பச் சொன்னேன். அப்போதும் புரியவில்லை. மைதானம் முழுக்க அறிந்த ஒரு விஷயத்துக்கு எனக்கு வார்த்தை இல்லை.

“ஓன் கோல்” என்று மூலையிலிருந்து குரல் வந்தது. திவ்யா காதிலிருந்ததைக் கழற்றியிருந்தாள். “அம்மா சொல்றது ஓன் கோல்” என்று லிண்டாவுக்கு இங்கிலீஷில் விளக்கினாள். நம் ஊரில் அது அணியின் பெயரில் விழுகிற கோல். இங்கே ‘ஓன்’ என்று சொல்லி அதைப் போட்டவனுக்கே சொந்தமாக்கிவிடுகிறார்கள்.

பிறகு அவள் அப்பாவைப் பார்த்துத் தமிழில் கேட்டாள்: “நீ ப்ளேயராப்பா? நெஜமாவா?”

அவர் தலையை மட்டும் ஆட்டினார். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. ஒரு கோலை மறைப்பதற்காக அவர் ஆடிய அத்தனை மேட்ச்சையும் சேர்த்து மறைத்திருக்கிறோம்.

கிழவர் புகார் கொடுக்க விரும்பவில்லை என்றார் லிண்டா. ஆனால் அடுத்த சீசனில் தேசிங்குக்கு வேலை கிடையாது. அவர் என் பக்கம் திரும்பினார். அந்தப் பெரியவரைப் பார்த்து மன்னிப்புக் கேட்க முடியுமா என்று மட்டும் கேட்கச் சொன்னார். லிண்டா போன் செய்து விசாரித்தார். வரலாம் என்று பதில் வந்தது.

5

அவர் பெயர் ஹரால்டு. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். மாவுக்கட்டுப் போட்ட கையோடு கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். “நீங்கள்தானே என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள்” என்றார். ஆமாம் என்றேன். இவர் என் கணவர் என்று அப்போது சொன்னேன். அவர் ஒரு கணம் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு உள்ளே வரச் சொன்னார்.

தேசிங்கு முதலில் உட்காரவில்லை. நின்றபடி, வழியெல்லாம் திவ்யாவிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய இங்கிலீஷ் வாக்கியத்தைச் சொன்னார். என் தவறு, உங்கள் கைக்கு நான்தான் காரணம், மன்னிக்க வேண்டும்.

ஹரால்டு முகம் சிவந்துபோனது. கோபம் என்று நினைத்தேன்.

“நான் எதற்கு அந்தச் சுவரேறினேன் தெரியுமா?” என்று கேட்டார். திவ்யா தேசிங்குக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். “அந்தப் பையனைத் திட்டத்தான். அவன் அப்பாவை எனக்குத் தெரியும். அவன் தவழுவதைப் பார்த்தவன் நான். அவன் முகத்துக்கு நேராகப் போய்த் திட்ட வேண்டும் என்று இந்த வயதில் ஓடினேன். விழுந்ததால் தப்பித்தேன். யார் மேல் புகார் கொடுப்பது?”

அவர் ஒரு கையாலேயே டீ போட்டுக் கொடுத்தார். நான் உதவப் போனபோது வேண்டாம் என்றார்.

டீ குடிக்கும்போது, நீங்களும் ஆடினவராமே, லிண்டா சொன்னாள், எந்த இடத்தில் ஆடினீர்கள் என்று கேட்டார். ஸ்டாப்பர் என்ற சொல் அவருக்கும் புரிந்தது. அந்த கோல் எப்படி விழுந்தது என்று கேட்டார். பேச்சை மாற்றலாம் என்று நான் வாயெடுத்தேன். ஆனால் தேசிங்கு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். சர்க்கரைக் கிண்ணத்தை எடுத்துக் கோலாக வைத்தார். தனக்குப் பதிலாகக் கோப்பையை வைத்தார். பஷீர் எங்கிருந்து வந்தார் என்று கரண்டியை நகர்த்திக் காட்டினார். திவ்யா அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹரால்டு குனிந்து பார்த்தார். “கீப்பர் குரல் கொடுத்திருக்க வேண்டும்” என்றார்.

“கீப்பர் கத்திருக்கணுமாம்பா” என்றாள் திவ்யா.

தேசிங்கு கரண்டியிலிருந்து கையை எடுத்தார்.

“கத்துனான்” என்றார்.

“என்னப்பா?”

“கத்துனான். ‘வுட்ரு தேசிங்கு, என்னுது’ன்னு பேர் சொல்லிக் கத்துனான். எனக்கு நல்லாக் கேட்டுச்சு.” அவர் என்னைப் பார்க்கவில்லை. “அன்னிக்கு இந்தியா டீம் கேம்ப்புக்கு ஆள் எடுக்கறவங்க வந்து உக்காந்திருந்தாங்க. கடைசி பந்த நான் எட்த்தேன்னு இருக்கணும்னு எகிறிட்டேன். உள்ள போனதும் மேனேஜரு கேட்டாரு, கீப்பர் குரல் குடுத்தானான்னு. சத்தத்துல ஒண்ணும் கேக்கல சார்னு சொல்ட்டேன். அவன் அங்கியே, கையுறையக் கழட்டிகினு நின்னான்.”

திவ்யா என் பக்கம் திரும்பினாள். “இதையும் சொல்லணுமா?”

“சொல்லு” என்றார் அவர்.

அவள் சொன்னாள். குரல் இறங்கி, வார்த்தை வார்த்தையாக. ஹரால்டு கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். “அந்தக் கீப்பர் இருக்கிறாரா?” என்று மட்டும் கேட்டார்.

6

அன்று சாயங்காலம் நான் தேசிங்கோடு பேசவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. எங்கள் வீட்டுக் குழந்தையைப் பார்க்க முதலில் ஓடி வந்த மனிதரை இத்தனை வருஷம் திட்டியிருக்கிறேன். ரயில்வே கேட்டில் கேலி செய்தவர்களிடம்கூட ஒருமுறை, “கத்தாதவன விட்டுட்டு இவரை ஏன் சொல்றீங்க” என்று சண்டை போட்டிருக்கிறேன். அப்போது பக்கத்தில் நின்ற இவர் வாயைத் திறக்கவில்லை.

திருவொற்றியூரிலிருக்கும் என் தம்பிக்குப் போன் செய்தேன். அவன் வண்ணாரப்பேட்டைக்குப் போய்க் கடையைக் கண்டுபிடித்து எண் வாங்கிக் கொடுத்தான். பஷீருக்கு இரண்டு பிள்ளைகள், முடி கொட்டிவிட்டது, என்னை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார் என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலை தேசிங்கு முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு போனுக்கு முன்னால் உட்கார்ந்தார். ஸ்பீக்கரில் போடச் சொன்னார். திவ்யா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். அவளைப் போகச் சொல்லவில்லை.

“யாரு?” பின்னால் வண்டி ஹாரனும் பேரம் பேசுகிற குரல்களும் கேட்டன.

“பஷீரு. நான் தேசிங்கு.”

“டேய்!” பஷீர் கத்தியது வீடெல்லாம் கேட்டது. “எங்கடா கீற? உன் மச்சான் வந்து சொன்னான், நான் நம்பல. இன்னா, லண்டன்ல கீறியா? கலா நல்லா கீதா? பாப்பா இன்னா படிக்குது?”

தேசிங்கு ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். பஷீர் தன் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னார். சின்னவன் கோலில் நிற்கிறானாம், வேண்டாம் என்றால் கேட்க மாட்டேன் என்கிறானாம். சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டபோது, இவர் எதையும் சொல்லாமல் வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைத்துவிட்டால் நல்லது என்றும் ஒரு கணம் நினைத்தேன்.

“பஷீரு, ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லுடா.”

“அன்னிக்கு நீ கத்துனது எனக்குக் கேட்டுச்சு.”

என்றைக்கு என்று பஷீர் கேட்கவில்லை. அங்கே யாரோ விலை கேட்டார்கள். வேறு யாரோ பதில் சொன்னார்கள்.

“கேட்டுச்சுடா. கேட்டும் போனேன். சார் கேக்கறப்ப கேக்கலன்னு சொன்னேன். உன் வேலை...”

“நான் கத்துனது எனக்குத் தெரியும்டா” என்றார் பஷீர். குரலில் கோபம் இல்லை. “உனக்குக் கேட்டுச்சா இல்லியான்னுதான் எனக்குத் தெரியாது. எங்க அண்ணன்லாம் சொல்லுவான், அவனுக்குக் கேட்டிருக்கும்டா, உன்ன மாட்டி வுட்டுட்டான்னு. நான் அவனாண்ட சண்ட போடுவேன். ஸ்டேடியத்துல அம்மாஞ் சத்தம், தேசிங்குக்கு எப்டிடா கேக்கும்னு. அப்டியேதான் நம்பிகினு இருந்தேன்.”

தேசிங்கு போனுக்குக் கிட்டே குனிந்தார்.

“சரிடா” என்றார் பஷீர். “கடையில ஆளு நிக்குது. வெக்கிறேன்.”

போன் அணைந்த பிறகும் தேசிங்கு அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். திவ்யா படியிலிருந்து எழுந்திருக்கவில்லை. அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டு நான் எழுந்தபோது, அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“எனக்குக் கேக்கலன்னு நம்பிகினு இருந்தானாம் கலா” என்றார். “இத்தினி வருசம்.”